சர்வர் மும்பையில் சரி, லாக் எங்கே? செட்டிநாட்டுத் தொழில்களுக்கு எந்த கிளவுட் ஒத்துவரும்

அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் மூன்றுக்கும் இந்தியாவில் டேட்டா சென்டர் உண்டு. சர்வர் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்கும் ரீஜன் பட்டியலில் இந்திய ஊரைத் தேர்வு செய்ய ஒரு கிளிக் போதும். அதோடு சட்டக் கடமை தீர்ந்தது என்ற நினைப்பில்தான் இங்கே பெரும்பாலான ஆப்கள் ஏற்றப்படுகின்றன. ஆப்பும் டேட்டாபேஸும் மும்பையில் இருக்கும். யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவான லாக் எந்த நாட்டில் விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. பேக்கப் சிங்கப்பூரில் கிடக்கும், லாகின் செய்தவரின் போன் நம்பர் அமெரிக்காவில் கிடக்கும். ஆகவே இந்த மதிப்புரையில் வேகமும் விலையும் பின்னால்தான். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி வட்டாரத்தில் ஒரு கடைக்கோ ஓட்டலுக்கோ ஆப் ஏற்றும்போது, இந்தியச் சட்டம் கேட்பதைச் செய்து முடிக்க எந்த கிளவுட் எவ்வளவு ஒத்துழைக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதே இங்கே அளவுகோல்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பராமரிக்க ஆள் இருந்தால் அமேசானின் மும்பை, ஹைதராபாத் ஜோடி. பேக்கப் தானாகவே நாட்டுக்குள் இருக்க வேண்டும், அதிகம் நோண்ட முடியாது என்றால் மைக்ரோசாப்ட் அசூரின் புனே. கூகுளில், வேறு நாட்டில் எதுவும் உருவாகாமல் தடுக்கும் ரீஜன் பூட்டு அருமை, லாக் ஏற்பாடு மோசம். சொந்தமாக ஆப் கட்டவே தேவையில்லாத கடைகளுக்கு ஜோஹோவின் தயார் மென்பொருள்கள் போதும்.

சட்டம் கேட்பதும் கேட்காததும்

எல்லோருக்கும் பொதுவானது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நோட்டீஸ், சம்மதம், பாதுகாப்பு, கசிவு அறிவிப்பு ஆகிய முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் என்பதால், கணக்கு 2027 மே மாதத்தில் வந்து நிற்கிறது.

டேட்டா வெளிநாடு போனால் 250 கோடி அபராதம் என்று பயமுறுத்தி ‘இந்திய கிளவுட்’ விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த 250 கோடி, தக்க பாதுகாப்பு செய்யாமல் டேட்டாவைக் கசியவிட்டதற்கான உச்சவரம்பு. சர்வர் வெளிநாட்டில் இருப்பதற்கான அபராதம் அல்ல. மத்திய அரசு தடை செய்து அறிவிக்கும் நாடுகளைத் தவிர வேறெங்கும் டேட்டா போகலாம் என்பதுதான் 16ஆம் பிரிவு. கண்டாங்கிச் சேலையை ஆன்லைனில் விற்கும் கடையின் வாடிக்கையாளர் பட்டியல் சிங்கப்பூர் சர்வரில் இருப்பதாலேயே அது குற்றம் ஆகிவிடாது.

அந்தக் கடை கவனிக்க வேண்டியது வேறு. சம்மதம் கேட்கும் நோட்டீஸை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே தமிழ் நோட்டீஸ் தயாராக இருக்க வேண்டும். இதை எந்த கிளவுடும் எழுதித் தராது.

லாக்கை நாட்டுக்குள் வைக்கச் சொல்வது வேறொரு ஆணை. மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட அதன்படி, சர்வர்களின் லாக் எப்போதும் கடைசி 180 நாளுக்கு இந்திய எல்லைக்குள் இருக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்தில் தகவல் சொல்ல வேண்டும். சர்வர் கடிகாரம் தேசிய தகவல் மையம் (என்.ஐ.சி.) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் (என்.பி.எல்.) நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். கேட்டால் கொடுக்க முடியும் என்றால் வெளிநாட்டிலும் லாக் வைக்கலாம் என்று பின்னர் விளக்கம் வந்தது. இருந்தாலும் ஒரு பிரதி இங்கே இருப்பதுதான் தலைவலி இல்லாத வழி. தரவுச் சட்டத்தின் விதிகள் லாக்கையும் டேட்டாவையும் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து 400 நாள் என்று வைத்துவிட்டால் கணக்கு எளிது. இனி கீழே வைக்கச் சொல்லும் 400 எல்லாம் இதுதான்.

பணம் சம்பந்தப்பட்டால்தான் ‘இந்தியாவில் மட்டும்’ என்ற பேச்சு உண்மையாகவே வருகிறது. பேமென்ட் சிஸ்டம் டேட்டா முழுவதும் இந்தியாவில்தான் என்பது ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று விட்ட சுற்றறிக்கை. செயலாக்கம் வெளிநாட்டில் நடந்தால் அங்குள்ளதை அழித்து, ஒரு வேலை நாள் அல்லது 24 மணி நேரம், இதில் எது முந்தியதோ அதற்குள் இங்கே கொண்டுவர வேண்டும். சேலைக்கடையோ டைல்ஸ் கம்பெனியோ பேமென்ட் கேட்வே வழியாகப் பணம் வாங்கினால் இந்தச் சுமை பெரும்பாலும் கேட்வே நிறுவனத்தின் தலையில். கடை செய்யக் கூடாதது ஒன்று: கார்டு நம்பரைச் சேமிப்பது. 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர் கார்டு நம்பரை வைத்துக்கொள்ள முடியாது, கடைசி 4 இலக்கமும் கார்டு கொடுத்த வங்கியின் பெயரும் வைக்கலாம்.

வட்டிக்கடைப் பேரேட்டை ஆப்பாக மாற்றினாலேயே ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதி வந்துவிடாது. வங்கியோ, வங்கி அல்லாத நிதி நிறுவனமான என்.பி.எஃப்.சி.யோ கொடுக்கும் கடனை ஆப் வழியாக வாங்கிக் கொடுத்தால் வரும். வந்தால், கடன் வாங்குபவர் டேட்டா இந்திய சர்வரில்தான்.

கடைசியாக ஆடிட்டர் கேட்பது. பிரைவேட் லிமிடெட், லிமிடெட் கம்பெனிகளின் கணக்குப் புத்தகம் எலக்ட்ரானிக் முறையில் இருந்தால், இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் வரை ‘அவ்வப்போது’ என்றிருந்ததைத் ‘தினமும்’ என்று மாற்றினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடமும் அழியாமல் இருக்க வேண்டும். பழைய பேரேட்டில் சுரண்டித் திருத்தக் கூடாது, அடித்துப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று பெட்டியடிப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் இது. தனியுரிமைக் கடைக்கும் பங்குதாரர் நிறுவனத்துக்கும் இந்தக் கம்பெனி விதி பொருந்தாது. இதையும் மறைத்துவிட்டு கிளவுட் விற்கிறார்கள்.

அமேசான்: மும்பையும் ஹைதராபாத்தும்

மும்பை 2016 ஜூனில் வந்தது, ஹைதராபாத் 2022 நவம்பரில். இரண்டிலும் மும்மூன்று அவைலபிலிட்டி ஜோன், அதாவது ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும்படி தனித்தனியாக உள்ள டேட்டா சென்டர் தொகுதி. மும்பை மொத்தமாகப் படுத்தாலும் பேக்கப்புக்கு நாட்டை விட்டுப் போக வேண்டாம் என்பதுதான் இந்த ஜோடியின் முதல் பலம். ஹைதராபாத் தானாகத் தெரியாது. கணக்கு அமைப்பில் ரீஜன்கள் பகுதிக்குப் போய் எனேபிள் செய்ய வேண்டும், சில நிமிடம் பிடிக்கும். மும்பையில் இருக்கும் எல்லா சர்வீஸும் எல்லா இன்ஸ்டன்ஸ் (வாடகை சர்வர்) வகையும் அங்கே இருக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள், பட்டியலைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வேறு நாட்டில் யாரும் தெரியாமல் எதையும் உருவாக்க முடியாதபடி பூட்டுவதுதான் முதல் வேலை. ஆர்கனைசேஷன்ஸ் பகுதியில் ஒரு அமைப்பைத் தொடங்குங்கள், கட்டணம் இல்லை. அதன் கீழே தனி உறுப்புக் கணக்கு ஒன்றை உருவாக்கி, ஆப்பை அதில் ஏற்றுங்கள். பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பூட்டாக வேலை செய்யும் சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசி, உறுப்புக் கணக்கைத்தான் கட்டுப்படுத்தும், தலைமைக் கணக்கைக் கட்டுப்படுத்தாது. ஆப் தலைமைக் கணக்கிலேயே ஓடினால், வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்த கதை.

பாலிசி சுருக்கமானது: கேட்கப்படும் ரீஜன் ஏபி-சவுத்-1 (மும்பை), ஏபி-சவுத்-2 (ஹைதராபாத்) இரண்டில் ஒன்றாக இல்லையென்றால் மறுத்துவிடு. இதை அப்படியே போட்டால் அடுத்த நிமிடமே புது யூசர் உருவாக்க முடியாது, டொமைன் ரெக்கார்டு மாற்ற முடியாது. ஐ.ஏ.எம். (யூசர், அனுமதி), ரூட் 53 (டொமைன்), கிளவுட்ஃபிரன்ட் (உலகெங்கும் உள்ள விளிம்பு சர்வர்களிலிருந்து தளத்தைக் காட்டுவது), ஆர்கனைசேஷன்ஸ் ஆகியவற்றின் கட்டுப்பாட்டு வேலை அமெரிக்காவின் வர்ஜீனியா ரீஜனில் நடக்கிறது. அவற்றையும் சப்போர்ட், பில்லிங் பகுதிகளையும் விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கிளவுட்ஃபிரன்ட்டுக்கான எஸ்.எஸ்.எல். சான்றிதழும் வர்ஜீனியாவில்தான் எடுக்க முடியும் என்பதால் சான்றிதழ் மேனேஜரும் அதில் சேரும். இவற்றில் வாடிக்கையாளர் டேட்டா எதுவும் போகப்போவதில்லை என்பதால் கவலை வேண்டாம்.

அடுத்தது லாக். கன்சோலில், கணக்கில் நடப்பதைப் பதியும் கிளவுட்டிரெயில் பக்கத்தைத் திறந்தால் நிகழ்வுகள் வரிசையாகத் தெரியும். ‘லாக் இருக்கிறதே’ என்று அதைக் காட்டி விட்டுவிடுகிறார்கள். அது 90 நாள்தான் நிற்கும், கேட்பதோ 180. தனியாக ஒரு டிரெயில் உருவாக்கி, எல்லா ரீஜனுக்கும் பொருந்தும்படி வைத்து, மும்பையில் உள்ள எஸ்3 பக்கெட்டுக்கு (கோப்புச் சேமிப்பிடம்) அனுப்ப வேண்டும். மேனேஜ்மென்ட் நிகழ்வுகளின் முதல் பிரதிக்குக் கட்டணம் இல்லை, பக்கெட்டில் வைப்பதற்கு மட்டும்தான் பில். பழைய கோப்பைத் தானாக அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியில் 400 நாள். யாரும் அழிக்காமலிருக்க ஆப்ஜெக்ட் லாக் போடலாம் (இந்த ‘லாக்’ பதிவு அல்ல, பூட்டு). ஆனால் எடுத்தவுடன் கம்ப்ளையன்ஸ் மோடில் போட வேண்டாம். அந்த மோடில் ரூட் யூசரே நினைத்தாலும் காலம் முடியும் வரை அழிக்க முடியாது. 400 என்பது தவறி 4000 ஆகிவிட்டால் அத்தனை நாளும் காசு கட்ட வேண்டியதுதான். தனி அனுமதி உள்ளவர் நீக்கக்கூடிய கவர்னன்ஸ் மோடில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றுவது புத்திசாலித்தனம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கும். கிளவுட்ஃபிரன்ட்டின் விளிம்பில் ஓடும் சிறு நிரல்களின் லாக். அவற்றில் ஒரு வகையான லாம்ப்டா-எட்ஜ் எந்த நாட்டில் ஓடியதோ அந்த ரீஜனிலேயே லாக் எழுதும். கோலாலம்பூரில் இருக்கும் உறவினர் தளத்தைத் திறந்தால் லாக் காரைக்குடிக்காரர் எதிர்பார்க்காத இடத்தில் விழும். இன்னொரு வகையான கிளவுட்ஃபிரன்ட் ஃபங்ஷன்ஸின் லாக் எப்போதும் வர்ஜீனியாவுக்குப் போகும். விளிம்பில் பெயர், போன் நம்பர் எதையும் லாக்கில் எழுதாமலிருப்பதே இதற்கு மருந்து. அப்படி எழுதியே ஆக வேண்டிய வேலை என்றால் அதை மும்பை சர்வருக்குள் கொண்டு வாருங்கள்.

பாஸ்போர்ட் படம் படும் பாடு

அமேசானின் நல்லதும் கெட்டதும் தெரிய ஒரே ஒரு கோப்பைப் பின்தொடர்ந்தால் போதும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பாரம்பரிய வீட்டை ஓட்டலாக நடத்துபவர், பிரான்சிலிருந்து வரும் விருந்தினரின் பாஸ்போர்ட்டைப் படம் எடுக்கிறார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு, இன்னும் எல்லோரும் ‘பார்ம் சி’ என்றே சொல்லும் படிவத்தில், தகவல் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் படம்.

புக்கிங் மென்பொருள் அதை எஸ்3 பக்கெட்டில் போடுகிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு உருவான பக்கெட் என்றால் பொது அணுகல் தானாகவே அடைத்திருக்கும். பழைய பக்கெட்டில் அது கையால் செய்ய வேண்டிய வேலை, பார்த்துவிடுங்கள். ரிசப்ஷனில் இருப்பவர் படத்தைப் பார்க்க, காலக்கெடு உள்ள லிங்க் ஒன்றை மென்பொருள் உருவாக்கும். அதை 7 நாள் வரை நீட்ட முடியும் என்பதற்காக 7 நாள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அந்த லிங்க் யாருக்குப் போனாலும் திறக்கும். 15 நிமிடம் தாராளம். முகப்பு வரை யார் வேண்டுமானாலும் வரலாம், பெட்டகம் இருக்கும் அறைக்கு வளவைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று வீட்டைக் கட்டிய ஊர் இது. பக்கெட்டையும் அப்படித்தான் கட்ட வேண்டும்.

இப்போது அழிக்கும் கதை. பாதுகாப்புக்காக, பழைய பிரதியையும் விட்டுவைக்கும் வெர்ஷனிங் போட்டிருப்பார்கள், ஹைதராபாத்துக்கு ரெப்ளிகேஷன் (தானாக நகலெடுப்பது) வைக்க அது கட்டாயமும்கூட. வெர்ஷனிங் உள்ள பக்கெட்டில் ‘டெலீட்’ அழுத்தினால் படம் அழியாது. மேலே ஒரு அழிப்புக் குறி விழும், அடியில் பழைய வெர்ஷன் அப்படியே இருக்கும். 400 நாளில் அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியும் அதே குறியைத்தான் வைக்கும். பழைய வெர்ஷன்களை நீக்கும் விதியைத் தனியாக எழுத வேண்டும். அதை எழுதியாயிற்று, மும்பையில் படம் போய்விட்டது. ஹைதராபாத்தில்? அங்கே இருக்கும். லைஃப்சைக்கிள் செய்யும் அழிப்பு ரெப்ளிகேஷன் வழியாகப் போகவே போகாது. ஆகவே இரண்டு பக்கெட்டிலும் ஒரே விதியை இரண்டு முறை எழுத வேண்டும். ‘என் பாஸ்போர்ட் நகலை அழித்துவிட்டீர்களா’ என்று விருந்தினர் கேட்டால், இதைச் செய்யாத ஓட்டல் தெரியாமலே பொய் சொல்லும்.

ரெப்ளிகேஷன் பக்கமும் இரண்டு சிக்கல். விதி போட்ட நாளுக்குப் பிறகு வரும் கோப்புகள் மட்டுமே ஹைதராபாத் போகும். முன்பே இருந்தவற்றுக்கு பேட்ச் ரெப்ளிகேஷன் தனியாக ஓட்ட வேண்டும். அமேசானின் சாவிப் பெட்டகமான கே.எம்.எஸ்.ஸின் சாவியால் பூட்டிய கோப்புகளை நகலெடுக்கச் சொல்லித் தனியாக டிக் செய்யாவிட்டால் அவை சத்தமில்லாமல் விடுபடும். சாவி ரீஜனுக்கு ரீஜன் வேறு. மும்பைச் சாவி ஹைதராபாத்தில் திறக்காது. அங்கே ஒரு சாவி வேண்டும், சாவி ஒன்றுக்கு மாதம் 1 டாலர்.

பிரெஞ்சு விருந்தினர் என்றதும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். பற்றிக் கேட்பார்கள். விருந்தினர் எந்த நாட்டுக் குடிமகன் என்பது கேள்வி அல்ல. ஐரோப்பாவில் இருப்பவர்களைக் குறிவைத்து விற்கிறீர்களா என்பதுதான் கேள்வி. தளம் பிரெஞ்சில் இருந்து, விலை யூரோவில் காட்டினால் ‘ஆம்’ பக்கம் சாயும். விருந்தினர் நேரடியாக உங்கள் தளத்தில் விவரம் கொடுத்தால் அதை நாடு கடந்த பரிமாற்றமாக ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் வழிகாட்டுதல் கருதவில்லை. பாரீஸ் ஏஜென்ட் அனுப்பினால் பரிமாற்றம்தான். அப்போது 2021 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட மாதிரி ஒப்பந்த ஷரத்துகளில் அந்த ஏஜென்ட் கையெழுத்துக் கேட்பார். இதற்காக சர்வரை பிராங்பர்ட்டுக்குக் கொண்டு போக வேண்டியதில்லை.

விலைக்கு ஒரு வரி: மும்பையிலிருந்து இணையத்துக்கு வெளியே போகும் டேட்டா ஜி.பி.க்கு 0.1093 டாலர், வர்ஜீனியாவில் 0.09. மாதம் முதல் 100 ஜி.பி. இலவசம் என்பதால் சின்னக் கடைக்கு இது தெரியவே தெரியாது. பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். கணக்கு தொடங்கிய அன்றே ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாமல் ஆடிட்டர் முறைப்பார்.

அசூர்: சென்னை கிட்டே, ஆனால் புனேதான்

2015இலிருந்து அசூர் இங்கே இருக்கிறது. புனே, சென்னை, மும்பை என்று மூன்று இடம். காரைக்குடிக்குச் சென்னை பக்கம் என்று ‘சவுத் இந்தியா’வைத் தேர்வு செய்யும் பழக்கம் நம் பக்கம் உண்டு. ஆனால் அங்கே அவைலபிலிட்டி ஜோன் கிடையாது, சர்வீஸ் பட்டியலும் சின்னது. புனேயில், அதாவது ‘சென்ட்ரல் இந்தியா’வில், ஜோன்கள் உண்டு. ஆப் புனேயில், பேக்கப் சென்னையில் என்பதே சரியான அமைப்பு. இதைத் தனியாகச் செய்யவும் வேண்டாம். புனேக்கு ஜோடி சென்னை. ஸ்டோரேஜ் கணக்கில் ஜியோ-ரிடண்டன்ட் என்று வைத்தால் இரண்டாவது பிரதி தானாகச் சென்னைக்கு வந்து சேரும். அமேசானில் மேலே பட்ட பாட்டை நினைத்தால், இந்த ஒன்றுக்காகவே அசூருக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

பூட்டு ‘அலவ்டு லொகேஷன்ஸ்’ என்ற தயார் நிலைப் பாலிசி. சப்ஸ்கிரிப்ஷன் மேல் வைத்து இரண்டு ரீஜனை மட்டும் அனுமதித்தால் முடிந்தது. ஆப்பின் பாகங்களைத் தொகுத்து வைக்கும் ரிசோர்ஸ் குரூப்பின் இடத்தை அது கட்டுப்படுத்தாது, அதற்கு வேறு பாலிசி இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே போட வேண்டும். ஆக்டிவிட்டி லாக் இங்கேயும் 90 நாள்தான். டயக்னாஸ்டிக் செட்டிங் என்ற அமைப்பு வழியாகப் புனே ஸ்டோரேஜுக்கு அனுப்ப வேண்டும். யூசர்கள் பட்டியல் இருக்கும் என்ட்ரா டெனன்ட் தொடங்கும்போது கேட்கும் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. துபாயில் இருக்கும் மகன் அவசரத்துக்கு அங்கிருந்து தொடங்கிக் கொடுத்தால், அது அப்படியே நிற்கும். புதிதாக ஒன்று தொடங்கி மாறுவதைத் தவிர வழி இல்லை.

கூகுளும் ஃபயர்பேஸும்

மும்பை 2017, டெல்லி 2021. கூகுளின் ரீஜன் பூட்டுதான் மூன்றிலும் சுலபம். ‘இந்திய இடங்கள்’ என்று ஒரே தொகுப்பு மதிப்பு, அதைக் கொடுத்தால் மும்பையும் டெல்லியும் மட்டும் திறந்திருக்கும். விதிவிலக்குப் பட்டியல் எழுதித் தலையைச் சொறிய வேண்டாம். ஆனால் இந்தப் பூட்டுக்கு ஆர்கனைசேஷன் தேவை. சொந்த ஜிமெயிலில் தொடங்கிய ப்ராஜெக்ட்டுக்கு அது கிடையாது. கடையின் டொமைனை வைத்து இலவச கிளவுட் ஐடென்டிட்டி கணக்கு தொடங்கி, ப்ராஜெக்ட்டை அதற்குள் நகர்த்த வேண்டும். பூட்டுவதற்கு முன் உருவானவை இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்டோரேஜில் ‘ஆசியா’ என்ற தேர்வைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஆசியா என்றால் இந்தியா அல்ல.

லாக் விஷயத்தில் கூகுளுக்குப் பாஸ் மார்க் போடக் கை வரவில்லை. லாக்குகள் விழும் இயல்புப் பக்கெட்டின் இடம் ‘குளோபல்’, நிற்கும் காலம் 30 நாள். நாளை நீட்டலாம், இடத்தை மாற்ற முடியாது. மும்பையில் புதிய லாக் பக்கெட் ஒன்றை 400 நாளுக்கு உருவாக்கி, லாக்கை எங்கே அனுப்புவது என்று சொல்லும் இயல்பு சிங்க்கை அதற்குத் திருப்ப வேண்டும். பழைய லாக் தானாக வராது. நிர்வாக ஆடிட் லாக் தனிப் பக்கெட்டில் 400 நாள் நிற்கும், நல்லதுதான், ஆனால் உருவான பிறகு அதன் இடத்தையும் தொட முடியாது. இன்னொரு சிங்க் போட்டு மும்பைக்கு ஒரு நகல் அனுப்புங்கள். யார் எந்த டேட்டாவைப் படித்தார் என்ற டேட்டா ஆக்சஸ் லாக், கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரி தவிர மற்றதற்கெல்லாம் அணைத்தே வருகிறது. கசிவு நடந்த அன்று தேவைப்படுவது அதுதான். ப்ராஜெக்ட்டுக்கு மாதம் 50 ஜி.பி. வரை லாக் இலவசம், அதற்கு மேல் ஜி.பி.க்கு அரை டாலர்.

இங்கே கல்லூரி முடித்தவர்கள் செய்து கொடுக்கும் கடை ஆப்களில், கூகுளின் ஆப் கட்டும் தொகுப்பான ஃபயர்பேஸ் நிறைய. அதன் டேட்டாபேஸ்களில் ஒன்றான ஃபயர்ஸ்டோரை மும்பையில் வைக்கலாம், முதல் முறை தேர்வு செய்வதே கடைசி, பிறகு மாற்ற முடியாது. இன்னொன்றான ரியல்டைம் டேட்டாபேஸுக்கு அமெரிக்கா, பெல்ஜியம், சிங்கப்பூர் மூன்றுதான், இந்தியா இல்லை. லாகின் வேலையைப் பார்க்கும் ஆதென்டிகேஷன் அமெரிக்காவிலிருந்து மட்டும் ஓடுகிறது. கொட்டான் கூடை விற்கும் ஆப்புக்கு இது பரவாயில்லை, நோட்டீஸில் சொல்லிவிட்டால் போதும். என்.பி.எஃப்.சி. கடன் ஆப்புக்கு லாகினை வேறு வழியில்தான் செய்ய வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

டிஜிட்டல் ஓஷனுக்கு இந்தியாவில் பெங்களூரு மட்டும். ஒற்றை இடம் போதும் என்கிற தளங்களுக்குச் சரி, நாட்டுக்குள் இரண்டாவது ஊர் வேண்டும் என்றால் சரிவராது. லினோடில் மும்பையும் சென்னையும் உண்டு, கன்சோலும் எளிது, ஆனால் பெரிய மூன்றில் இருப்பது போன்ற ரீஜன் பூட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஜோஹோவின் இந்தியக் கணக்குகள் சென்னை, மும்பை டேட்டா சென்டரில். வெளிநாட்டில் இருந்தபோது தொடங்கிய கணக்கு என்றால் பிரவுசரின் முகவரிக் கட்டையைப் பாருங்கள். ‘டாட் இன்’ என்று முடிந்தால் இங்கே, ‘டாட் காம்’ என்றால் அமெரிக்காவில். மாற்ற சப்போர்ட்டிடம் கேட்க வேண்டும்.

டேலி கணக்கு மென்பொருளை வி.பி.எஸ்.ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) வைத்து வாடகைக்கு விடுபவர்களிடம் மூன்று கேள்வி: சர்வர் எந்த ஊரில், தினசரி பேக்கப் எந்த ஊரில், எடிட் லாக் (மேலே சொன்ன திருத்தத் தடம்) உள்ள பதிப்பா. கம்பெனியாக இருந்தால், பேக்கப் இருக்கும் கிளவுட்டின் ஐ.பி. முகவரியும் இடமும் ஆண்டுதோறும் கம்பெனிப் பதிவாளருக்குச் சொல்ல வேண்டியவை. எழுத்தில் வாங்கி வையுங்கள், போனில் சொன்னது போதாது.

புதிதாக முளைத்திருக்கும் தொல்லை ஏ.ஐ. மும்பையில் ஓடும் ஆப், அமேசானின் ஏ.ஐ. சர்வீஸான பெட்ராக்கில், கேள்வியைப் பல ரீஜனுக்குப் பங்கிடும் ஆசிய-பசிபிக் இன்ஃபரன்ஸ் ப்ரொஃபைலைக் கூப்பிட்டால், வாடிக்கையாளர் எழுதிய கேள்வி டோக்கியோவிலோ சிட்னியிலோ போய்ப் பதிலாகி வரலாம். மேலே சொன்ன ரீஜன் பூட்டைப் போட்டவர்களுக்கு இந்த அழைப்பு மறுக்கப்படும். உடனே பூட்டைத் தளர்த்தச் சொல்லி டெவலப்பர் வந்து நிற்பார். அசூரில் ‘குளோபல் ஸ்டாண்டர்டு’ என்று ஏற்றினாலும் இதே கதை, சேமிப்பு இங்கே, செயலாக்கம் எங்கேயோ. மும்பையிலோ புனேயிலோ நேரடியாகக் கிடைக்கும் மாடலை எடுங்கள். அது இல்லையென்றால் பெயர், போன் நம்பரை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

ஏற்றி முடித்ததும் செய்து பார்க்க வேண்டியவை

அமேசானில் டெவலப்பர் யூசரில் நுழைந்து சிங்கப்பூரில் ஒரு பக்கெட் உருவாக்கப் பாருங்கள். மறுக்க வேண்டும். மறுத்த செய்தி சில நிமிடத்தில் மும்பை லாக் பக்கெட்டில் விழ வேண்டும். விழவில்லை என்றால் டிரெயில் ஒரே ரீஜனுக்கு மட்டும் போடப்பட்டிருக்கிறது. பிறகு மும்பை டேட்டாபேஸின் ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்து நகலை) ஹைதராபாத்தில் மீட்டுப் பாருங்கள். முதல் முறை அநேகமாகச் சாவியில் நிற்கும்.

நேரக் கணக்கையும் ஒரு முறை கையால் போடுங்கள். லாக் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் எழுதும், நம் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி முன்னால். லாக்கில் 18:30 என்றால் இங்கே நள்ளிரவு 12, தேதியும் மாறிவிடும். செர்ட்-இன்னின் 6 மணி நேரக் கெடுவில் இந்தக் குழப்பத்திலேயே ஒரு மணி நேரம் போகும். படிவத்தில் எந்த நேரத்தை எழுதுகிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

ஒரு கிளவுட்டை விட்டு வேறு கிளவுட்டுக்குப் போகிறவர்கள் பழைய கணக்கை அவசரமாக மூடுகிறார்கள். அமேசானில் மூடிய கணக்கை 90 நாளுக்குள் திரும்பத் திறக்கலாம், கூகுளில் அழித்த ப்ராஜெக்ட்டை 30 நாளுக்குள் மீட்கலாம். அதன் பிறகு லாக்கும் சேர்ந்து போய்விடும், ஒரு வருடக் கடமையோ உங்கள் பெயரில் நிற்கும். மூடுவதற்கு முன் லாக் பக்கெட்டைப் புதிய கணக்கின் மும்பை பக்கெட்டுக்கு நகலெடுத்து, கோப்பு எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுவிட்டு மூடுங்கள்.